ஒஸ்லோவின் நூறு டாக்சிகள்

ஒஸ்லோவில் 24 ஆண்டுகள் டாக்சி ஓட்டினேன். நவம்பர் மாதக் கடைசியில் இந்த நகரத்தின் அதிகாலை எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஐந்து மணிக்கு வெளியே வந்தால் நள்ளிரவுபோல இருக்கும். சூரியன் தலைகாட்ட எட்டரை மணியைத் தாண்டிவிடும். பிற்பகல் மூன்றரைக்குள் மறைந்தும் விடும். கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டு, என்ஜின் சூடேறும்வரை கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முதல் அழைப்பு பெரும்பாலும் விமான நிலையத்துக்குத்தான். யாராவது பெட்டியோடு வாசலில் நிற்பார்கள்.

1990களின் நடுப்பகுதியில், அப்படி விடியாத ஒரு காலையில், தரிப்பிடத்தில் எனக்கு முன்னால் நின்ற முதிய நோர்வேஜிய ஓட்டுநர் என் காரின் ஜன்னலோரம் வந்து பேச்சுக் கொடுத்தார். பேச்சு எங்கெங்கோ போய்ப் போர்க்காலத்தில் வந்து நின்றது. “இந்த ஊர் யூதர்களை வீடுவீடாகப் போய்ப் பிடித்த அன்று, பொலிஸாரை ஏற்றிப் போனவை டாக்சிகள்தாம். தெரியுமா உனக்கு?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. “ஜேர்மன் பொலிஸாரையா?” என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எங்கள் பொலிஸாரை” என்றார்.

அதுவரை என் மனத்தில் இருந்த காட்சியில் இரும்புத் தொப்பி அணிந்த ஜேர்மன் படைவீரர்கள் இருந்தார்கள், நாய்கள் இருந்தன, சரக்கு ரயில் இருந்தது. உள்ளூர்ப் பொலிஸ்காரனுக்கு அதில் இடம் இருக்கவில்லை. நான் நாள்தோறும் உட்கார்ந்து பிழைக்கும் வண்டிக்கும் இடம் இருக்கவில்லை. அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் வாசித்து வருகிறேன். இந்த நாட்டில் கால்வைத்த நாளிலிருந்து என்னை மரியாதையாக நடத்திய ஒரு பொலிஸ் சேவையைப் பற்றி எழுதுகிறேன் என்பதால் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டே எழுதுகிறேன்.

1942 நவம்பர் 26, வியாழக்கிழமை. விடிவதற்கு நெடுநேரம் முன்பே சுமார் 300 பேர் ஒஸ்லோவில் திரட்டப்பட்டிருந்தார்கள். அரச பொலிஸ், குற்றவியல் பொலிஸ், அவசரக் காவற்படை ஆகியவற்றைச் சேர்ந்தவர்களே அவர்களில் பெரும்பான்மையினர். நாஜிச் சார்புக் கட்சியான நஷனல் சம்லிங்கின் தொண்டர் படையினரும் கூட இருந்தார்கள். ஏறத்தாழ 100 டாக்சிகள் அரசு ஆணையால் எடுக்கப்பட்டிருந்தன. பெயர்களும் முகவரிகளும் அடங்கிய பட்டியல்கள் குழுக்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டன. கட்டளை பிறந்த இடம் ஜேர்மன் இரகசியப் பொலிஸான கெஸ்டபோ. அதற்குப் பிறகு எந்த வீதிக்கு எந்தக் குழு, எந்தக் கதவைத் தட்டுவது, யாரை எந்த வண்டியில் ஏற்றுவது என்பதெல்லாம் நோர்வேஜியர்களின் வேலை.

அந்த வேலையை ஒழுங்குபடுத்தியவர் க்னூட் ரோட். அரச பொலிஸில் அதிகாரி; அதன் தலைவர் கார்ல் மார்டின்சென் என்பவரின் கீழ் பணியாற்றியவர். அவர் கொடூரமானவர் என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. யாரையும் அடித்ததாகவோ, குடித்துவிட்டு வெறியாட்டம் ஆடியதாகவோ நான் எங்கும் வாசித்ததில்லை. திறமையான நிர்வாகி. 300 பேரையும் 100 வண்டிகளையும் ஒரே இரவில் ஒழுங்குபடுத்தி, விடியுமுன் ஒரு நகரம் முழுவதையும் எட்டிவிடத் தெரிந்தவர். ஒரு கலியாண வீட்டை எடுத்து நடத்தியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு கடினமான வேலை என்று.

ஆனால் அந்த ஓர் இரவைப் பார்த்து மட்டும் இதைப் புரிந்துகொள்ள முடியாது. ஜேர்மனி நோர்வேமீது படையெடுத்தது 1940 ஏப்ரல் 9. அடுத்த மாதமே யூதர்களின் வானொலிப் பெட்டிகளைப் பறிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பறித்தவர்கள் உள்ளூர்ப் பொலிஸார். ஊரில் எல்லோருடைய வானொலிப் பெட்டிகளும் பறிக்கப்பட இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. ‘வானொலிப் பெட்டிதானே’ என்று அந்தப் பொலிஸ்காரர்கள் நினைத்திருக்கக்கூடும். 1942 ஜனவரியில் அடுத்தது வந்தது: யூதர்கள் தங்கள் அடையாள அட்டையைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் அதில் ‘ஜே’ என்ற எழுத்தைச் சிவப்பில் குத்திக்கொள்ள வேண்டும். கூடவே ஒரு படிவம். பிறந்த இடம், தொழில், குடும்பத்தினர், உடைமை எல்லாவற்றையும் அதில் நிரப்ப வேண்டும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படிவத்தை வாங்கி, முத்திரை குத்தியவர் நேற்றுவரை அவர்களுக்குத் தெரிந்த பொலிஸ்காரர்தான். சின்ன ஊர்களில் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கமாகவும் இருந்திருக்கும்.

கையில் அடையாள அட்டையோடு வரிசையில் நிற்பது எப்படிப்பட்டது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். நாட்டை விட்டுப் புறப்படுமுன் கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையத்தில் என் அட்டையை நீட்டியபோது, பெயரைப் படித்ததும் எதிரிலிருந்தவரின் முகம் இறுகியதை இன்றும் மறக்கவில்லை. என் அனுபவம் அதோடு முடிந்தது. நான் உயிரோடு இங்கே இருந்து எழுதுகிறேன். ஒஸ்லோவில் நடந்ததோடு இதை ஒப்பிட மாட்டேன். ஆனால் அந்தச் சிவப்பு எழுத்தைப் பற்றி வாசித்தபோது என் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது.

1942 அக்டோபர் 22. சுவீடன் எல்லையை நோக்கிப் போன ரயிலில், தப்பிச் சென்ற யூதர்களுக்கு வழிகாட்டியாகச் சென்ற ஒருவர், சோதனைக்கு வந்த எல்லைக் காவலரைச் சுட்டுக் கொன்றார். கொல்லப்பட்டவரும் நோர்வேஜியர், சுட்டவரும் நோர்வேஜியர். ஆட்சியாளர்களுக்கு அது வாய்ப்பாகப் போனது. நான்கே நாளில், அக்டோபர் 26இல், நாடு முழுவதும் யூத ஆண்கள் கைதுசெய்யப்பட்டார்கள். மார்டின்சென் அனுப்பிய தந்தியின் வாசகத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். அட்டையில் ‘ஜே’ குத்தப்பட்ட, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் அனைவரும், மேல் வயது வரம்பின்றிக் கைதுசெய்யப்பட்டு ஒஸ்லோவில் ஷிர்க்கவையன் வீதி 23ஆம் இலக்கத்துக்குக் கொண்டுவரப்பட வேண்டும். சாப்பாட்டுச் சாமான், பங்கீட்டு அட்டை, அடையாளப் பத்திரங்கள் ஆகியவற்றை அவர்கள் எடுத்துவர வேண்டும். உடைமைகள் பறிமுதல். பெண்கள் நாள்தோறும் பொலிஸில் வந்து முகம் காட்ட வேண்டும்.

அந்தப் பெண்களை நினைத்துப் பார்க்கிறேன். கணவனையும் மகனையும் எங்கோ அடைத்துவைத்திருக்கிறார்கள். வீடும் கடையும் போய்விட்டன. ஒரு மாதம், ஒரு நாள் தவறாமல், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போய், ‘இன்னும் இருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வரவேண்டும். பொலிஸ்காரர் குறித்துக்கொள்வார். இடையில் ஒஸ்லோ யூதர்களில் பலருக்கு எச்சரிக்கை கிடைத்தது. எச்சரித்தவர்களில் பொலிஸ்காரர்களும் இருந்தார்கள். அதையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குப் போகாதே, மருத்துவமனையில் படுத்துவிடு, எல்லைக்குப் போ என்று இரவோடு இரவாக வந்த தகவல்களால் தப்பியவர்கள் ஏராளம். அப்போது நோர்வேயில் இருந்த யூதர்கள் ஏறத்தாழ 2100 பேர். பாதிக்கும் மேற்பட்டோர் சுவீடனுக்குப் போய்ப் பிழைத்தார்கள்.

எச்சரிக்கை போய்ச் சேராத வீடுகளுக்குத்தான் அந்த நவம்பர் அதிகாலையில் டாக்சிகள் போயின. இம்முறை பெண்களும் குழந்தைகளும் முதியோரும். மருத்துவமனைப் படுக்கைகளில் இருந்தும் ஆட்களை எழுப்பிக் கொண்டுவந்தார்கள். முகாம்களிலும் சிறைகளிலும் இருந்த ஆண்கள் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஆக்கர்ஸ்ஹூஸ் கோட்டைக்குக் கீழே, துறைமுகத்தின் முதல் மேடையில், டொனாவ் என்ற ஜேர்மன் கப்பல் நின்றது. அதில் 302 ஆண்கள், 188 பெண்கள், 42 குழந்தைகள், ஆக மொத்தம் 532 பேர் ஏற்றப்பட்டார்கள். பிற்பகல் 2.55க்குக் கப்பல் புறப்பட்டது. இருட்டில் தொடங்கிய வேலை அடுத்த இருட்டு வருமுன் முடிந்துவிட்டது.

கப்பல் ஸ்டெட்டினுக்குப் போனது, அங்கிருந்து ரயில். டிசம்பர் 1இல் ஔஷ்விட்ஸ் வதைமுகாம். 186 ஆண்கள் வேலைக்கென்று பிரிக்கப்பட்டார்கள். மற்ற 346 பேரும், எல்லாப் பெண்களும் எல்லாக் குழந்தைகளும் உட்பட, நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். வேலைக்குப் பிரிக்கப்பட்டவர்களில் போர் முடிந்தபோது உயிரோடிருந்தோர் ஒன்பது பேர். பெர்கன், டிரொண்ட்ஹைம் பக்கத்திலிருந்து ரயிலில் கொண்டுவரப்பட்ட வேறு சிலர், ரயில் தாமதமானதால் அன்று கப்பலைத் தவறவிட்டார்கள். அது தப்பித்தல் என்று நினைக்க வேண்டாம். மூன்று மாதம் சிறையில் வைத்திருந்து, 1943 பெப்ரவரி 25இல் கோட்டன்லாண்ட் என்ற கப்பலில் 158 பேரை அனுப்பினார்கள். நோர்வேயிலிருந்து கொண்டுபோகப்பட்டோர் மொத்தம் 770க்கும் மேல். திரும்பி வந்தவர்களின் எண்ணிக்கை 40ஐ எட்டவில்லை.

இதுவரை சொன்னதை நோர்வேயில் இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அடுத்த ஆண்டு நடந்ததையும் அவர்கள் அறிவார்கள். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுபவர்களை நான் அதிகம் கண்டதில்லை. எனக்கு எழுத வேண்டியிருந்தது இதுதான்.

1943 ஆகஸ்ட். கட்டாய வேலைத் திட்டத்துக்கு அழைக்கப்பட்ட ஐந்து இளம்பெண்கள் வேலைக்கு வரவில்லை. அவர்களை வீட்டிலிருந்து பிடித்துவரப் பொலிஸார் அனுப்பப்பட்டார்கள். அனுப்பப்பட்டவர்கள் தயங்கினார்கள். அவர்களுடைய மேலதிகாரியான குன்னார் ஐலிஃப்சென் அவர்கள் பக்கம் நின்றார். அந்தப் பெண்களைக் கைதுசெய்ய அவர் மறுத்துவிட்டார். நோர்வேயை ஆண்ட ஜேர்மன் ஆணையர் டெர்போவன் மரண தண்டனை வேண்டும் என்றார். பொலிஸ்காரர் கட்டளையை மறுத்ததற்கு மரண தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமில்லை. எனவே பொலிஸாரைப் படைத்துறைச் சட்டத்தின் கீழ் கொண்டுவரும் புதுச் சட்டம் அவசர அவசரமாக எழுதப்பட்டு, நடந்து முடிந்த செயலுக்கும் பொருந்தும்படி ஆக்கப்பட்டது. இன்றும் அதை ‘ஐலிஃப்சென் சட்டம்’ என்றே அழைக்கிறார்கள். ஒரு மனிதனைக் கொல்வதற்கென்றே எழுதப்பட்ட சட்டம். கைப்பாவை அரசின் தலைவர் குவிஸ்லிங் கருணை காட்டவில்லை. ஆகஸ்ட் 16 அதிகாலையில் ஐலிஃப்சென் சுடப்பட்டார். அவருக்கு அப்போது 45 வயது.

அதே நாளில் பொலிஸார் கூட்டப்பட்டு, தண்டனை நிறைவேற்றப்பட்ட செய்தி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திடுமாறு கேட்டார்கள். சக ஊழியன் அன்று காலைதான் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறான், பேனாவை நீட்டுகிறார்கள். பலர் கையெழுத்திட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் மறுத்துக் கைதானார்கள். அவர்களில் 271 பேர் டான்ட்சிக் அருகே உள்ள ஸ்டுட்ஹோஃப் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அந்த 271 பேரின் துணிவுக்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன். வீட்டில் மனைவி மக்களை வைத்துக்கொண்டு அப்படி மறுக்க என்னால் முடிந்திருக்குமா என்று கேட்டால், நெஞ்சறிய ‘ஆம்’ என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் என்னை விடாமல் அரிக்கும் கேள்வி வேறு. ஒன்பது மாதங்களுக்கு முன், 42 குழந்தைகளைக் கப்பலில் ஏற்றிய நாளில், இப்படி ஒரு மறுப்பு ஏன் எழவில்லை? ஐந்து பெண்களை வேலைக்கு இழுத்துவருவது பொலிஸ்காரன் செய்யக்கூடாத காரியம் என்று 1943இல் புரிந்தவர்களுக்கு, 80 வயது முதியவளைப் படுக்கையிலிருந்து எழுப்பி டாக்சியில் ஏற்றுவது 1942இல் எப்படிக் கடமையாகத் தெரிந்தது?

நண்பர்களோடு இதைப் பேசும்போது வரும் பதில்கள் எனக்குத் தெரியும். 1942 நவம்பரில் ஜேர்மனி வெல்லும் என்றே பலர் நினைத்தார்கள். 1943 ஆகஸ்டுக்குள் ஸ்டாலின்கிராடில் ஜேர்மனி தோற்று, முசோலினியும் கவிழ்ந்து காற்று திசைமாறிவிட்டது. உண்மைதான். கப்பல் எங்கே போகிறது என்று 1942இல் பொலிஸ்காரர்களுக்குத் தெரியாது. அதுவும் பெரும்பாலும் உண்மை. நோர்வேப் பொலிஸாரில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் குவிஸ்லிங்கின் கட்சியில் சேர்ந்திருந்தார்கள்; சேராதவர்களுக்குப் பக்கத்து மேசைக்காரனைப் பார்த்தே அச்சம். அதையும் மறுக்கவில்லை.

ஆனால் மறுப்பு என்பதையே அறியாத ஆண்டாக 1942 இருக்கவில்லை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் நாஜி ஆசிரியர் சங்கத்தில் சேரமாட்டோம் என்று நோர்வே ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் எழுதிக் கொடுத்தார்கள். சுமார் 1100 பேரைக் கைதுசெய்து, நூற்றுக்கணக்கானோரை வட துருவ வட்டத்துக்கு அப்பாலுள்ள ஷிர்க்கனஸுக்கு அனுப்பியும் அவர்கள் பணியவில்லை. கடைசியில் பணிந்தது அரசு. யூதர்களின் கைதைக் கண்டித்து லூத்தரன் திருச்சபையினர் நவம்பரில் குவிஸ்லிங்குக்குக் கடிதம் எழுதினார்கள். அது தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது. அந்தக் கடிதத்துக்கும் கப்பலுக்கும் இடையில் மூன்று வாரம்கூட இல்லை. கப்பல் போகும் இடம் தெரியாதிருந்திருக்கலாம். டாக்சியின் பின் இருக்கையில் ஏற்றிய குழந்தையின் வயது தெரியாதிருந்திருக்குமா?

என் முடிவைச் சொல்கிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள். வேலைக்கு வராத ஐந்து பெண்களும் அந்தப் பொலிஸ்காரர்களுக்கு ‘எங்கள் பிள்ளைகள்’. அவர்களுடைய கதவைத் தட்டுவது தன் வீட்டுக் கதவையே தட்டுவது போன்றது. யூதர்கள் இந்த நாட்டில் பிறந்து, இந்த மொழியைப் பேசி, இந்த நாட்டின் கொடியை ஏற்றியவர்களாக இருந்தும், அந்தச் சொல்லுக்குள் அவர்கள் முழுமையாக வந்து சேரவில்லை. 1814இன் அரசியலமைப்பு யூதர்கள் நாட்டுக்குள் வருவதையே தடுத்தது. கவிஞர் வேர்கலாண்ட் வாழ்நாளெல்லாம் போராடி, அவர் இறந்த பிறகு 1851இல்தான் அந்தத் தடை நீங்கியது. சட்டம் நீங்கிய பிறகும் ஒரு கோடு மனத்தில் மங்கலாக இருந்திருக்கிறது. படிவமும் சிவப்பு எழுத்தும் அந்தக் கோட்டை மறுபடி அழுத்தி வரைந்தன. வானொலிப் பெட்டி, முத்திரை, படிவம், நாள்தோறும் கையொப்பம் என்று இரண்டரை ஆண்டுகளாகக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களாகப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, கடைசி நாள் அதிர்ச்சியாக இருக்கவில்லை. அது இன்னொரு வேலை நாள்.

அந்தக் கோட்டைக் காணாத பொலிஸ்காரரும் ஒருவர் இருந்தார். ஆல்ஃப் பெட்டர்சென் பொலிஸ் வேலையை இழந்தவர். லாரிப் போக்குவரத்தில் இருந்தார். 1942 நவம்பர் கடைசியில், டொனாவ் புறப்பட்ட அதே நாட்களில், ஒஸ்லோவில் செடிவளர்ப்புத் தோட்டம் வைத்திருந்த ரோல்ஃப் சீவர்சென், ஒளித்துவைத்த யூதர்களை எப்படி எல்லைக்கு அனுப்புவது என்று தவித்துக்கொண்டிருந்தார். பெட்டர்செனும் அவர் மனைவி கெர்டும் ரைடார் லார்சென் என்பவரும் அவரோடு சேர்ந்தார்கள். தார்ப்பாய் மூடிய லாரிகளில், சரக்கு ஏற்றுவதுபோல ஆட்களை ஏற்றி எல்லைக்கு அருகே கொண்டுபோனார்கள். ஆறு வாரங்களில் ஏறத்தாழ ஆயிரம் பேர். அந்த அமைப்புக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கார்ல் ஃப்ரெட்ரிக்சென் போக்குவரத்து’. கார்ல் ஃப்ரெட்ரிக்சென் என்று ஒருவர் கிடையாது. லண்டனில் தஞ்சமிருந்த மன்னர் ஏழாம் ஹாகோனின் இயற்பெயர் கார்ல், தந்தையின் பெயர் ஃப்ரெட்ரிக். பெட்டர்சென் தம்பதியர் பின்னர் சுவீடனுக்குத் தப்பினார்கள். சீவர்சென் 1944இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே நகரம், ஒரே வாரம், இரண்டு விதமான வண்டிகள். வண்டி ஓட்டிப் பிழைத்தவன் என்பதால் இது என் மனத்தில் வேறுவிதமாக ஒட்டிக்கொண்டது.

நோர்வேயைத் தனியே நிறுத்திக் குற்றம் சாட்டுவது நியாயம் ஆகாது. அதே 1942 ஜூலையில் பாரிஸில் இரண்டே நாளில் 13,152 பேரைப் பிடித்தவர்கள் பிரெஞ்சுப் பொலிஸார். அதில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃப்ராங்க் ஒளிந்திருந்த வீட்டுக்குள் 1944 ஆகஸ்டில் நுழைந்த ஜேர்மன் அதிகாரியோடு டச்சுப் பொலிஸாரும் வந்தார்கள். பிரான்சில் 1956இல் வதைமுகாம்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தபோது, அதில் ஒரு புகைப்படத்தில் முகாமைக் காவல்காக்கும் பிரெஞ்சுக் காவலரின் தொப்பி தெரிந்ததைத் தணிக்கையாளர்கள் மறைக்கவைத்தார்கள். பிணக் குவியல்களைக் காட்டத் தடையில்லை. அந்தத் தொப்பியைக் காட்டத் தடை. டென்மார்க்கில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே 1943 அக்டோபரில் பெரும்பாலான யூதர்கள் கடல் கடந்து சுவீடனுக்குப் போனபோது டேனிஷ் பொலிஸாரில் பலர் உதவினார்கள். அந்தப் பொலிஸை நம்ப முடியாது என்று முடிவுகட்டிய ஜேர்மானியர்கள், 1944 செப்டம்பரில் ஏறத்தாழ 2000 பேரைப் பிடித்து முகாம்களுக்கு அனுப்பினார்கள்.

மறுபடி ஒஸ்லோவுக்கு வருகிறேன். போர் முடிந்தது. குவிஸ்லிங் மீதான குற்றச்சாட்டுகளில் ஐலிஃப்சென் கொலையும் இருந்தது, யூதர்களை நாடுகடத்தியதும் இருந்தது. 1945 அக்டோபர் 24இல் அவரைச் சுட்டார்கள். மார்டின்சென் போர் முடியுமுன்பே எதிர்ப்பு இயக்கத்தினரால் கொல்லப்பட்டிருந்தார். க்னூட் ரோட் நீதிமன்றத்துக்கு வந்தார். அந்த அதிகாலையை ஒழுங்குபடுத்தியவர் அவர்தான் என்பதில் நீதிமன்றத்துக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அவர் தரப்பு வேறொன்றைச் சொன்னது: அவர் இரகசியமாக எதிர்ப்பு இயக்கத்துக்குத் தகவல் கொடுத்து உதவியவர். சாட்சி சொல்லவும் ஆட்கள் வந்தார்கள். 1946இல் விடுதலை. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்து, வழக்கு மறுபடி நடந்தது. 1948இல் மீண்டும் விடுதலை. நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: எதிர்ப்பு இயக்கத்துக்கு அவர் செய்த பணியைத் தொடர வேண்டுமானால் பதவியில் இருக்க வேண்டும், பதவியில் இருக்க வேண்டுமானால் யூதர்களுக்கு எதிரான நடவடிக்கையில் பங்கெடுப்பது தவிர்க்க முடியாதது.

நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆனால் தராசு எப்படிப் பிடிக்கப்பட்டது என்பது எனக்குத் தெரிகிறது. ஒரு தட்டில் அவர் காப்பாற்றிய நோர்வேஜியர்கள். மறு தட்டில் ‘தவிர்க்க முடியாத’ 532 பேர். அவர்களில் நோர்வேக் குடியுரிமை பெற்றவர்கள், இந்த ஊர்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். முதல் தட்டில் இருந்தவர்களைக் காக்க இரண்டாம் தட்டில் இருந்தவர்களைக் கொடுத்தது பொறுக்கத்தக்கது என்று, ஜேர்மன் துப்பாக்கி எதுவும் முதுகில் இல்லாத, சுதந்திர நோர்வேயின் நீதிமன்றம் சொன்னது. போருக்குப் பின் இந்த நாட்டில் ‘நல்ல நோர்வேஜியன்’ என்பது ஒரு பெரிய பட்டம். நாஜிகளுக்குப் பணியாதவன் என்று பொருள். ரோட் அந்தப் பட்டத்தோடு வீட்டுக்குப் போனார். பொலிஸ் சேவைக்கும் திரும்பினார். 1965இல் ஓய்வு பெற்றார். 1942இல் மனத்தில் இருந்த கோடு 1948இலும் அப்படியே இருந்தது. இம்முறை அதை வரைய ஜேர்மானியர்கள் தேவைப்படவில்லை.

மன்னிப்பு வருவதற்கு 70 ஆண்டுகள் எடுத்தன. 2012 ஜனவரி 27இல் பிரதமர் ஸ்டோல்டென்பேர்க், கப்பல் புறப்பட்ட அந்தத் துறைமுகத்திலேயே நின்று பேசினார். கொன்றவர்கள் நாஜிகள், ஆனால் கைதுசெய்தவர்கள் நோர்வேஜியர்கள், வண்டி ஓட்டியவர்கள் நோர்வேஜியர்கள், இது நடந்தது நோர்வேயில் என்றார். அந்த உரையைச் செய்தியில் கேட்டபோது நான் பயணியை இறக்கிவிட்டு, காரை ஓரமாக நிறுத்தியிருந்தேன். அதே ஆண்டு நவம்பர் 26இல் நாட்டின் பொலிஸ் தலைவர், பொலிஸின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். தாமதம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். செய்த தவறைச் செய்ததாகச் சொல்லும் பொலிஸை என் வாழ்நாளில் ஒருமுறையாவது பார்த்துவிட்டேன் என்பது எனக்குச் சின்ன விடயம் அல்ல.

அந்த மேடைக்குப் பக்கத்தில், கோட்டைச் சுவருக்குக் கீழே, இருக்கைப் பலகை இல்லாத இரும்பு நாற்காலிகள் சில கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. பிரித்தானியச் சிற்பி ஆண்டனி கோர்ம்லி செய்தவை. கோடையில் உல்லாசக் கப்பல்கள் அந்தப் பக்கம் வந்து நிற்கும். சுற்றுலாப் பயணிகளை அங்கே எத்தனை தடவை ஏற்றி இறக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. உண்மை தெரிவதற்கு முன், அந்த இடம் எனக்குச் சவாரி கிடைக்கும் இடம், அவ்வளவுதான்.

ரோட் 1986இல் இறந்தார். அதே ஆண்டில் நான் நோர்வேக்கு வந்தேன். வந்த புதிதில் வெளிநாட்டவர் பொலிஸில் பதிவுசெய்ய வேண்டும். ஒஸ்லோவில் அந்தக் கவுண்டருக்கு முன்னால் வரிசையில் நின்றபோது என் முழங்கால்கள் நடுங்கின. பொலிஸ் என்றால் எனக்கு அதுவரை ஒரே பொருள்தான் இருந்தது. எதிரே இருந்தவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். தலை முழுக்க நரைத்திருந்தது. அந்த வயதுக்கு, அவர் 1950களில் சேவையில் சேர்ந்திருக்க வேண்டும். ரோட் இன்னும் சேவையில் இருந்த காலம். ஒரே சீருடை அணிந்து, ஒரே சேவையில் சம்பளம் வாங்கியவர்கள். இளம் பொலிஸ்காரனாக அவர் சேர்ந்தபோது, பழையவர்கள் அவருக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. அவர் என் படிவத்தை எடுத்து, நீளமான என் பெயரை எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார். பாதியில் தடுக்கியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். முடித்துவிட்டு நிமிர்ந்து, சரியாகச் சொன்னேனா என்று கேட்டார்.